தொங்கல் அக்காவின் மடலில் ஒரு வரி அதிகம்

இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறார்களே, எதற்கு?

படம் போட்டுப் பார்க்கும் அறையில் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த அனிமேஷன் கம்பெனியில் இருபத்து நான்கு வருடங்களாக, படத்தில் தொங்குகிற எந்தப் பொருளும் அவள் கை படாமல் ஆடியதில்லை. காதுத் தொங்கட்டான், மாட்டின் கழுத்து மணி, சாவிக்கொத்து, நூலில் ஆடும் மரப்பொம்மை, எல்லாம் அவள் கணக்கு. அதனால் பெரியவர் சிறியவர் எல்லோருக்குமே அவள் தொங்கல் அக்கா.

நிறம் தீட்டும் பிரிவுப் பெண் கண்ணாடிச் சட்டம் போட்ட மடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

“அசையாப் பொருளுக்கு அசைவை அருளியவரே, நூலில் ஆடும் பொம்மைக்கு நோவும் நாணமும் தந்தவரே, கணினித் திரைக்குள் காற்றைக் குடியேற்றிய கைத்திறனே, பணி நிறைவு காணும் எங்கள் பேரன்புக்குரிய அக்கா அவர்களே, வணக்கம்.”

கைதட்டினார்கள். மேலாளர்தான் எழுதியிருக்க வேண்டும். போன வருடம் இதே பொம்மையைப் பார்த்து, “இது ஆடுறதுக்கு மூணு நாளாக்கா?” என்று கேட்டவர் அவர். அப்போது தெரியாத நோவும் நாணமும் இப்போது எப்படித் தெரிந்தது?

ஆடுகிற எதைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் மேலேதான் போகும். கீழே ஆடுவது தானாக ஆடாது. மேலே ஏதோ அசைந்திருக்கும். புகழ்ச்சியையும் அவள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தாங்கள் புகட்டிய பாடமோ எளிது, பழகுவதோ அரிது. கை நின்ற பின் நூல் நிற்கும், நூல் நின்ற பின் தோள் நிற்கும், தோள் நின்ற பின்னும் விரல் நுனி விடைபெறத் தயங்கும் என்று, கணுவுக்குக் கணு இரண்டிரண்டு ஃப்ரேம் தாமதம் வைத்துத் தாங்கள் செதுக்கிய அசைவுகளால் மரமும் மனம் பெற்றது, நூலும் உயிர் பெற்றது.”

இது உண்மை. கேட்க இனித்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வயதிலும் ஒரு நல்ல வார்த்தைக்கு இப்படி உருகிப்போகிறோமே, கவனமாக இரு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“அண்மையில், அதிரும் மாளிகைக் கூடத்தில் நாற்பது தொங்குவிளக்குகள் ஒருசேர ஆடி ஒருசேர ஓய்ந்த அருங்காட்சியும் தங்கள் பொற்கரம் படைத்ததே அன்றோ.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சியை அவள் தொட்டதே இல்லை. கண் சிகிச்சைக்காக இரண்டு வாரம் விடுப்பில் இருந்தபோது, மேலாளருடைய மனைவியின் தம்பி அவள் இடத்தில் உட்கார்ந்து செய்தது. ஒரு விளக்கை ஆட்டிவிட்டு, அந்த ஆட்டத்தை அப்படியே மற்ற முப்பத்தொன்பதிலும் ஒட்டிவிட்டான். நீளச் சங்கிலி, குட்டைச் சங்கிலி, பெரிய விளக்கு, சின்ன விளக்கு எல்லாம் ஒன்றாக இடம், ஒன்றாக வலம். நிலநடுக்கத்தில் விளக்குகள் உடற்பயிற்சி செய்தன. வேலை கொடுத்த படக்காரர்கள் போன திங்கட்கிழமை அதைத் திருப்பி அனுப்பி, செய்தவர் யார் என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். அந்த ஆள் இனி எங்கள் படம் எதையும் தொடக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து வீட்டிலிருந்தே வெளி வேலை எடுத்துச் செய்வதாக இருந்தாள். அதற்கு அவளிடம் இருந்தது ஒரு பழைய கணினியும் அவள் பெயரும்தான்.

மேலாளர் குனிந்து மடலின் நகல் ஒன்றை அவள் முன்னால் வைத்தார். “ஒரு கையெழுத்து, அக்கா. மேலே சொன்னதெல்லாம் சரின்னு கீழே இடம் விட்டிருக்கேன்.”

“பாராட்டு மடலுக்கு யாரு சார் கையெழுத்து வாங்குவாங்க?”

“சும்மா, ஆபீஸ் ஃபைலுக்கு.”

“நாப்பது விளக்கு நான் பண்ணலையே.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே குரலைத் தாழ்த்தினார். “நம்ம பையன்தானேக்கா. இருக்கப் போறவன். நீங்க போறவங்க, உங்களுக்கு என்ன ஆகிடப் போகுது?”

“போறவங்க பேரையும் சேர்த்து இங்கயே விட்டுட்டுப் போகணுமா?”

“அட, பாராட்டித்தானே எழுதியிருக்கு. திட்டியா எழுதியிருக்கு?”

கடைசி வரிசையில் மைத்துனன் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தான். வாசிக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் குரல் மட்டும் உண்மையாகவே தழுதழுத்தது.

“இனித் தங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும். கண்ணும் கையும் களைப்பறியாது, நெடுங்காலம் நலத்தோடும் நிறைவோடும் தாங்கள் நடமாடும் செய்தி எங்கள் செவிகளில் தேனாகட்டும். இவண், ஒரே கூரையின் கீழ்த் தங்களோடு உழைத்த அலுவலர் அனைவரும்.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேலாளர் பேனாவைத் திறந்து அவள் விரல்களுக்கிடையில் வைத்தார். “போட்டோ எடுக்கறாங்க, அக்கா. சட்டுனு போடுங்க.”

பேனா நல்ல பேனா. அவள் அதை மூடினாள். நகலின் மேல் நேராக வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த ஒரு வரியை எடுத்துட்டு அனுப்புங்க சார், வீட்ல மாட்டிக்கறேன். இதுல போட மாட்டேன்.”