மூன்று துண்டாக உடைத்த தேதி

பெயரும் முகவரியும் மேலே பதிவானபடி. வயது முப்பத்தாறு. கல்லூரி விரிவுரையாளர். மனைவியுடன் ஊழியர் குடியிருப்பில் வசிக்கிறேன். கல்லூரி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு, யாரும் வற்புறுத்தாமல் சொல்வதாவது:

இளநிலை மாணவர்களுக்கு மென்பொருள் உருவாக்கம் கற்பிக்கிறேன். முதலில் தேவை, பிறகு வரைபடம், கடைசியில் நிரல். இது என் முறை. பலகை நிறையக் கட்டங்கள் போடுவேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'டப்பா சார்'.

சென்ற ஆண்டு சேர்ந்த ஆசிரியை தலைகீழாக நடத்துகிறார். முடிந்த மென்பொருளைக் கையில் கொடுப்பார். எழுதிய வரிகளைக் காட்டமாட்டார். பிரித்துப் பார்த்து, எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வகுப்புகளுக்கு நடுவே மரப்பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும், சண்டை கேட்கும். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். என் பக்கம் மணிக்கு முன்பே பைகளின் ஜிப் இழுபடும்.

"சாப்பிடும்போதும் அந்தம்மா பேச்சுதானா? உங்களுக்கு அவங்க மேல கோபமா, ஆசையா?" என்று மனைவி கேட்டாள்.

அதன் பிறகு, அவருடைய பாடத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருவதாக அறிந்தேன். அந்தக் குழுவின் முன்னிலையில் மாணவர்கள் பிரிக்கப் போவது லிஃப்டை இயக்கும் ஒரு மென்பொருள். ஆசிரியை டீ குடிக்கப் போனபோது, அவர் பூட்டாமல் விட்டிருந்த கணினியில் உட்கார்ந்து, குழு வரும் நாளில் மட்டும் அது நின்றுபோகும்படி சில வரிகள் சேர்த்தேன். யாருக்கும் தெரியாதிருக்க, அந்தத் தேதியை நாள், மாதம், ஆண்டு என மூன்று துண்டாக உடைத்து வெவ்வேறு இடங்களில் ஒளித்தேன்.

குழு வந்த அன்று அவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மென்பொருள் நின்றது. ஆசிரியை சாக்பீஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு, என் வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத மாணவி எழுந்தாள்.

"மேடம், இது கெட்டுப்போகல. யாரோ நிக்கச் சொல்லியிருக்காங்க."

எல்லோரும் ஒரே திரையைச் சூழ்ந்தார்கள். முதல் துண்டு கிடைத்தது. இரண்டாவதும். மூன்றாவதற்காக ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தேடினார்கள். நான் எழுதிய எதையும் யாரும் அப்படிப் படித்ததில்லை.

"டேய், எழுதின ஆளுக்கு செம மூளைடா!"

"வேற யாரு? நம்ம மேடம்தான். நமக்கு வச்ச பொறிடா இது!"

வகுப்பு கைதட்டியது. குழுத் தலைவரும் தட்டினார். ஆசிரியை மறுத்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் எழுந்து, "அத எழுதினது நான்," என்றேன். யாரும் என்னைக் கேட்டிருக்கவில்லை.

கைதட்டல் நின்றது. பாடம் தொடரும் என்று குழு அன்றே முடிவு செய்ததாகப் பிறகு அறிந்தேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது, உண்மை. அந்த வரிகளை எழுதியது நான் மட்டுமே, ஆசிரியைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)