'தொடாதே' என்று எழுதிய முட்டை

– முதல்ல உட்காரு. குனியாதே, ஓடாதே, தும்மல் வந்தா அடக்கிக்கோ. இப்போ சொல்லு. ஃபிரிட்ஜ்ல பஞ்சு வெச்சு ஒரு டப்பா இருந்துதே, அதுல இருந்த முட்டை எங்கடா?

– குடிச்சுட்டேன்க்கா.

– குடிச்சுட்டியா?

– ஜிம் மாஸ்டர் பச்சையா குடிக்கச் சொன்னார். டம்ளர்ல உடைச்சு ஊத்தி, கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கு. ஒரு முட்டைக்கா இப்படி வெளுத்துப்போய் நிக்கிற? சாயங்காலம் ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு டஜன் வாங்கி வெச்சுட்டுப் போறேன்.

– டப்பா மேல 'தொடாதே'ன்னு அவ்வளவு பெரிசா எழுதியிருந்தேனே.

– நீ எதுலதான் எழுதலை? பால், வெண்ணெய், பிஸ்கட் டின், உன் சார்ஜர். நியாயமா பார்த்தா, இந்த வீட்டுல ரெண்டு வருஷமா 'தொடாதே'ன்னு எழுதினதைத் தின்னுதான் உயிரோட இருக்கேன்.

– உள்ள இறங்கும்போது ஏதாவது குத்துச்சா?

– மீன்முள் மாதிரி லேசா. முட்டைக்கு ஏது முள்ளுன்னு யோசிச்சேன். அப்புறம் மறந்துட்டேன்.

– கேளு, ஒரு தடவைதான் சொல்வேன். அது முள் இல்லை, ஊசி. அந்த ஊசி முனையிலதான் உங்க அத்தானோட சாவு இருக்கு. ஊசி உடைஞ்சா அவர் அந்த நிமிஷமே போயிடுவார். உடையாத வரைக்கும் அவருக்குச் சாவே கிடையாது.

– கல்யாணம் பேசும்போது இதெல்லாம் சொல்லலையே.

– எனக்கே மூணாவது வருஷம்தான் சொன்னார். அவருக்கு வயசு நானூத்திப் பன்னெண்டு.

– அம்மாகிட்ட முப்பத்திரண்டுன்னு சொன்னாரே. சரி, அதை விடு. உயிரைக் கிளிக்குள்ளதானே வைப்பாங்க? ஏழு கடல், ஏழு மலை, ஒரு குகைன்னு வரும். முட்டை எங்கேருந்து வந்துச்சு?

– அது நாம கேட்ட கதை. உங்க அத்தான் பக்கம் பனிக்காட்டு ஆளுங்க, முறை வேற. ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள முயல், முயலுக்குள்ள வாத்து, வாத்துக்குள்ள முட்டை, முட்டைக்குள்ள ஊசி. போன வருஷம் முயல் வயசாகிச் செத்துடுச்சு. வாத்து முட்டையை விட்டுட்டு, பால்கனிக் கதவு திறந்திருந்தப்போ பறந்துடுச்சு. பெட்டியில நான் கம்பளி போட்டு வெச்சிருக்கேன். மிச்சம் இருந்தது முட்டை ஒண்ணுதான்.

– எனக்கு ஒண்ணு புரியலை. முயலுக்குள்ள வாத்து எப்படி...

– எனக்கும் புரியலை. புரியாமதான் குடும்பம் நடத்துறேன். நீ காலையில ஒன்பதரைக்கு என்ன பண்ணிட்டிருந்த?

– மொட்டை மாடியில ஸ்கிப்பிங்.

– அதே ஒன்பதரைக்கு ஆபீஸ்ல உங்க அத்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சு விழுந்தாராம். நீ நிறுத்தினதும் எழுந்து டீ கேட்டாராம். அப்போதான் அவருக்கு சந்தேகம் வந்து எனக்கு போன் பண்ணினார். பெல் அடிக்குது. அவர்தான். நீ எழுந்திருக்காதே.

– மெதுவா, மச்சான், மெதுவா. உட்கார்ந்தபடியே இருங்க.

– மன்னிச்சுடுங்க அத்தான். தெரிஞ்சிருந்தா பக்கத்துல இருந்த முட்டையை எடுத்திருப்பேன்.

– அவசரம் என்ன, பேசலாம். நானூறு வருஷத்துல இதைவிடப் பெரிய குளறுபடியெல்லாம் பார்த்துட்டேன்.

– ஆஸ்பத்திரிக்குப் போய் வெளிய எடுத்துடலாமே அத்தான்?

– எடுக்கும்போது உடைஞ்சா?

– ரெண்டு நாள் பொறுத்தா, நியாயமா பார்த்தா, அதுவே...

– வராது மச்சான். அந்த ஊசி எப்பவுமே போன இடத்துல நல்லா ஊனிக்கும்.

– அப்போ நான் அதோடயே கிளம்புறேன், பத்திரமா பார்த்துக்குறேன். நாளைக்கு வேலையில சேரணும் அத்தான். ரெண்டு வருஷத்துல என்னைக் கூப்பிட்டது இவங்க மட்டும்தான்.

– உங்க டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்.

– நேத்து சாப்பாட்டுலகூட 'எப்போ கிளம்புறீங்க'ன்னு மூணு தடவை கேட்டீங்களே?

– நேத்து வேற, மச்சான். இனிமே நீங்க எங்கயும் போக வேண்டாம். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு செய்யணும்னு ஆளையே கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்.

– தனி ரூமா? அக்கா, கேட்டியா? ரெண்டு வருஷம் சோபாவுல காலை மடக்கிப் படுத்ததுக்கு ஒரு விடிவு. வேலைகூட இங்கேயே ஏதாவது தேடிக்கலாம். ஜன்னல் வருமா அத்தான்?

– காத்து வரும்டா. ரெண்டு பக்கமும் வரணும்னு நான் போன்லயே சொல்லிட்டேன்.

– நீ ஏன்க்கா அழற?

– ஒண்ணுமில்லை. ஏங்க, அவனுக்குத் தோள் அகலம். பழசு மாதிரி குறுகலா செஞ்சுடாதீங்க. அடியில கம்பளியை நானே விரிக்கிறேன்.

– ஆகட்டும். தச்சரே, உள்ள வாங்க. இவர்தான்.

– வணக்கம் தம்பி. கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கோங்க. ஆங், அப்படித்தான். சார், பெட்டி உட்கார்ந்த அளவா, படுத்த அளவா?