ஏழாம் எண் கிணறு

எங்கே போனாலும் குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போகிறவன் நான். சிறு வயதுப் பழக்கம். அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

நிலத்தடி நீர்ப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்து அப்போது ஆறாவது வருடம். கைவிடப்பட்ட ஓர் உரக்கிடங்கின் தரையிலிருந்து நைட்ரேட் கசிந்து, மண்ணுக்கடியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் ஆய்வு. அடுத்த கோடையில் ஏழாம் எண் கிணற்றை எட்டும் என்று என் கணக்கு சொன்னது.

"கணக்கெல்லாம் அழகா இருக்கு. வரட்டும், வந்த பிறகு என்னை வந்து பாரு" என்றார் என் நெறியாளர்.

ஏழாம் எண் ஒரு செடிப்பண்ணையின் ஆழ்துளைக் கிணறு. பண்ணையை நடத்திய, நான் அக்கா என்று கூப்பிடும் பெண்ணும் அவர் கணவரும் நாற்றுத் தொட்டிகளுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். மாதம் ஒருமுறை நான் போய்க் குப்பியில் நீர் பிடித்து வருவேன். கணவர் என்னைத் தண்ணி டாக்டர் என்பார்.

"ஆறு வருஷமா எங்க கிணத்துல என்னத்தையோ தொலைச்சிட்டுத் தேடுறீங்களே, கிடைச்சுதா?"

அவர்களோடு சிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்கும். அதிலும் பொய் இல்லை.

மழைக்காலத்தில் மோட்டார் எரிந்துபோனது. "விடுங்க தம்பி. குழாய் இணைப்புக்கு எழுதிப் போடப் போறோம். இதோட மல்லுக்கட்ட என்னால முடியல" என்றார் அக்கா. அவருக்கு அப்போது நான்காம் மாதம்.

கிணறு உறிஞ்சினால்தான் கசிவு அந்தப் பக்கம் வரும். நிறுத்திவிட்டால் விலகி ஓடைப் பக்கம் போய்விடும். நான் மோட்டாரைக் கழற்றி வண்டியில் கட்டி எடுத்துப்போய், எரிந்த செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றவைத்து, மூன்றே நாளில் கொண்டுவந்து மாட்டினேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

குழாய் இணைப்பு மனு எழுதியபடியே அலமாரியில் கிடந்தது.

கோடையில் கசிவு வந்தது, நான் சொன்ன வாரத்திலேயே. ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து அளவு வரம்பைத் தாண்டினால்தான் வந்துவிட்டது என்று எழுதலாம். இரண்டாவது அளவு எடுக்கப் போனபோது குழந்தை பிறந்து மூன்று வாரம். அக்காவுக்குப் பால் போதவில்லை. மேசையில் பால்மாவு டப்பா இருந்தது. குழந்தையின் உதட்டைச் சுற்றி மை தடவினாற்போல் ஒரு நீலம்.

"நீங்களும் டாக்டர்தானே, பாத்துச் சொல்லுங்க, இவ உதடு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அக்காவே சிரித்தார். பிறகு, "பச்சத்தண்ணி குடுக்கிறதில்ல தம்பி. அரைமணி நேரம் கொதிக்கவச்சு, ஆறவச்சுத்தான் கலக்குறேன்" என்றார்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தையின் ரத்தத்தில் அது மூச்சுக்காற்றை நிற்கவிடாது. முதல் வருடப் பாடம் இது.

"அப்படியே செய்யுங்கக்கா" என்றேன்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே கிணற்றை மூடியிருப்பார்கள். எனக்கு ஒரே ஓர் அளவுதான் பாக்கி.

பதினொரு நாள் கழித்துக் குழந்தை இறந்தது. பிறவி இதயக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள். செய்தி கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

துக்கம் விசாரிக்க மாதக் கடைசியில் போனேன். குப்பி பையில் இருந்ததால் அளவையும் எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் மூன்றாம் புள்ளி கோட்டின் மேலேயே விழுந்தது. பட்டம் கிடைத்தது. நன்றியுரையில் அக்காவுக்குத்தான் முதலிடம்.

துக்கம் விசாரித்துக் கிளம்பிய அன்று கணவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தண்ணி டாக்டர் என்று கூப்பிடவில்லை. அக்கா வாசல்வரை வந்தார்.

"இத்தனை வருஷமா வர்றீங்க, எங்க வீட்டுத் தண்ணிய ஒருநாளும் குடிச்சதில்லையே தம்பி."

அவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு டம்ளர் வாங்கி முழுதும் குடித்தேன். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது.