எட்டு மணிக்கு ஹோலில் யார் இருப்பது

ஏழரை மணிச் சிரிப்பு நிகழ்ச்சி இப்போது முந்தி மாதிரி இல்லை, மரைக்கார் காக்கா. போன கிழமை ஒரு தடித்த மனிதர் வாளிக்குள் கால் மாட்டி விழுந்தார். இந்தக் கிழமை அதே மனிதர் அதே வாளிக்குள் மற்றக் காலை மாட்டி விழுந்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது என்ற நினைப்பில், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தத்தையும் அவர்களே போட்டுவிடுகிறார்கள். நான் அதைப் பார்ப்பதெல்லாம் எட்டு மணி நாடகத்துக்கு முன்பே ஹோலில் டீவிக்கு நேரே நல்ல கதிரையைப் பிடித்துக்கொள்ளத்தான்.

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுகிறது. நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நமது மருதமுனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படியிருக்க இந்த றாஹிலாவின், அதாவது என்னுடைய, ஒரே மகள் நஜ்லா, நிக்காஹ் முடிந்த கையோடு சாய்ந்தமருதிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள், இது என்ன புதினம் என்று ஊர் கேட்கிறது. பள்ளிவாசல் சார்பில் நீங்களும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். நானும் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் அவளுக்கு இரண்டு சம்பந்தம் வந்து தவறிப்போனது உங்களுக்குத் தெரியும். ஒன்று ஒலுவில், மற்றது சவளக்கடை. அது நஸீபு, தலைவிதி, அதை விடுவோம். மூன்றாவதாக வந்தவர்தான் இந்த முஸ்தாக்.

முஸ்தாக்கில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கல்முனையில் சொந்தமாகப் புடவைக் கடை. தொழுகை தவறாத பிள்ளை. சிகரெட் கிடையாது. நஜ்லா பாடசாலையில் படிப்பிப்பவள், எதிலும் நிதானமானவள். அவளே இவர் பெயரைக் கேட்டால் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள். அவ்வளவு விருப்பம். என் கணவர் அபூசாலிக்கும் சந்தோஷம். கட்டாரில் வெயிலில் காய்ந்து கட்டிய வீட்டை மகளுக்கு எழுத ஆயத்தமாகி, பின்வளவில் எங்கள் இருவருக்கும் இரண்டு அறை எழுப்பத் தொடங்கினார்.

நாள் குறித்த பிறகு ஒரு பின்னேரம் முஸ்தாக் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பம் செய்து வைத்திருந்தேன். சாப்பிட்டு, பேசி, எட்டு மணியாகிவிட்டது. இங்கே நீங்கள் ஒரு விஷயத்தை விளங்க வேண்டும். நாடகத்தில் இளநங்கை என்று ஒரு மருமகள். அவளை மாமியார் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட, அவள் கிழமைக் கணக்கில் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தாள். அன்றைக்குத்தான் கண் திறக்கிற நாள். இமை லேசாக ஆடியது. அந்த நேரத்தில் முஸ்தாக் சிரித்தார்.

"என்ன மாமி, இதையா பாக்கிறீங்க? ஒரு வருசம் உட்டுப்போட்டுப் பாத்தாலும் இந்தக் கத விளங்குமே" என்று சொல்லி, ரிமோட்டை எடுத்து கிரிக்கெட்டுக்கு மாற்றினார். அதுவும் முதல்நாளே விளையாடி முடிந்த மெச். யார் வென்றது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்தார்.

இளநங்கை கண் திறந்தாளா இல்லையா என்று தெரியாமல் அன்று நான் படுத்தேன். அந்தக் கவலையை உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

கணவரிடம் சொன்னேன். பின் அறைக்கு ஒரு சின்ன டீவி வாங்கித் தருகிறேன் என்றார். இந்த மனிதருக்கு நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எட்டு மணி நாடகத்தில் எல்லாமே கண்தான். மாமியார் கதைக்கும்போது வலது புருவம் மட்டும் ஏறும். அதைச் சின்ன டீவியில் எப்படிப் பார்ப்பது? தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்குமா? ஹோல் டீவியைப் பின்னுக்குக் கொண்டு போவோம் என்றால், மாப்பிள்ளை வருகிற வீட்டில் சுவரை வெறுமையாக விடுவதா என்று கேட்டார். ஆக, மாப்பிள்ளை வராமலிருப்பது ஒன்றுதான் வழி. இது நான் கோபத்தில் எடுத்த முடிவல்ல.

நாடகங்களில் வில்லிகள் செய்கிற பிழைகளை நான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். யன்னலடியில் நின்று திட்டத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். பாலில் எதையாவது கலந்துவிட்டு, அந்தப் பால் குசினியிலிருந்து அறைக்குப் போய்ச் சேர ஒரு கிழமை எடுப்பார்கள், அதற்குள் பூனை குடித்துவிடும். எனக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனால் முந்தின கிழமை இளநங்கையின் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி வந்தபோது சின்ன அத்தை மங்கை செய்தாளே, அது சுத்தமான வேலை. மாப்பிள்ளையின் தாயைத் தனியாகக் கூப்பிட்டு நான்கு வசனம். அதோடு கலியாணம் நின்றது. அந்தப் பகுதியை எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் காலையில் நான் முஸ்தாக்கின் உம்மா ஹாஜறாவைப் பார்க்கப் போனேன். முக்காட்டு நுனியால் இடது கண்ணை மட்டும் துடைத்தேன். மங்கை அப்படித்தான் செய்தாள். இரண்டு கண்ணையும் துடைத்தால் அது வெறும் அழுகை.

"நம்பி வந்த உங்களுக்குத் துரோகம் செய்ய எனக்கு மனசு வரல்ல மச்சி" என்றேன். "புள்ள தங்கம். ஆனா மஃரிபு நேரத்துல செவரப் பாத்துச் சிரிப்பாள். நான் சென்னண்டு மட்டும் ஆருக்கிட்டயும் செல்லிராதீங்க."

நாடகத்தில் 'விளக்கு வைக்கிற நேரம்' என்று வரும். அதை மட்டும் மஃரிப் ஆக்கினேன். மற்றதெல்லாம் எழுதியவருடைய வசனம். நல்ல வசனத்தில் கை வைக்கக் கூடாது.

ஏன் சொந்த மகளைப் பற்றிச் சொன்னாய், முஸ்தாக்கைப் பற்றி ஒரு கதை கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர் பிள்ளையைப் பற்றி அவதூறு சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கே தெரியும். நஜ்லா என் பிள்ளை. ஒருவர் தன்னுடைய பொருளைத்தானே பாவிக்கலாம்.

சம்பந்தம் நின்றது. ஆனால் கதை நிற்கவில்லை. ஹாஜறா தங்கச்சியிடம் சொல்ல, தங்கச்சி யாரிடமோ சொல்ல, ஜின் பிடித்த பிள்ளை என்று அது நஜ்லாவின் பாடசாலை வரைக்கும் போய்விட்டது. பிள்ளை தலையிடி என்று லீவு போட்டுக்கொண்டு அறைக்குள் கிடந்தாள். பெண்கள் ஓதி ஊதின தண்ணீர்ப் போத்தல்களோடு வரத் தொடங்கினார்கள். நான் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று ஓதிப் பார்க்கிற லெப்பையைக் கூப்பிட்டு அவள் கையில் நூலும் கட்டுவித்தேன். ஒருநாள் அவள் என் மடியில் தலை வைத்துக் கேட்டாள்.

"உம்மா, நான் மெய்யாலும் சிரிக்கிறனா? எனக்கெண்டா ஒண்டும் தெரியுதில்ல."

"நான் கண்டதில்ல மகள். ஆனாலும் படுக்கப் போகக்கொள்ள மூணு குல் சூறாவையும் ஓதிக்க" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

அந்தக் கிழமையே முஸ்தாக் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்றார். உள்ளே வரவில்லை. முகம் வாடிப் போயிருந்தது.

"ஜின் இருந்தா இருக்கட்டும் மாமி. நாங்க ரெண்டு பேரும் ஓதிப் பாப்பம். ஒருக்கா நஜ்லாட்டக் கேட்டுச் செல்லுங்க."

உண்மையில் எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஆனால் உள்ளே விளம்பரம் முடிகிற சத்தம் கேட்டது. "அவளுக்கு விருப்பமில்ல மகன்" என்று சொல்லிவிட்டுக் கேற்றைச் சாத்தினேன். நஜ்லாவிடம் அவர் வந்ததைச் சொல்லவில்லை.

நான் விட்ட பிழை எது என்று இப்போது சொல்கிறேன். ஹாஜறா பெண் பார்க்க வந்த அன்று, எட்டு மணி அடித்ததும் எழும்பி, கணவருக்கு ஊசி போடுகிற நேரம் என்று சாட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே இந்தப் பெண்ணுக்கு நாடக ரசனை இல்லை என்று முடிவு செய்தேன். அந்த நாடகத்தைப் பகலில் ஒரு மாதம் பிந்தி மறுபடி போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பகல் வெளிச்சத்தில், மீன் கழுவிக்கொண்டு, ஆறிய நாடகத்தைப் பார்க்கிறவர்களை நான் ரசிகர் கணக்கில் சேர்த்ததே இல்லை. அங்கேதான் பிழை நடந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு பகல், நாடகம் முடிந்த கையோடு ஹாஜறா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மீன் வாசம் கூடப் போகவில்லை. இந்த ஹோலில், நீங்கள் இருக்கிற இடத்தில் நின்றார். என் கணவர் இருந்தார். நஜ்லா அறை வாசலில் நின்றாள். ஹாஜறா ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. முக்காட்டு நுனியை எடுத்து இடது கண்ணை மட்டும் துடைத்து, நாடகத் தமிழிலேயே சொன்னார்.

"நம்பி வந்த உங்களுக்குத் துரோகம் பண்ண எனக்கு மனசு வரலைங்க. பொண்ணு தங்கம். ஆனா விளக்கு வைக்கிற நேரத்துல சுவத்தப் பாத்துச் சிரிப்பா. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நடிப்பு பரவாயில்லை. கண்ணைத் துடைத்தது கொஞ்சம் வேகம். ஆனால் ஒரு சொல் பிசகவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"உங்களுக்கு என்னகா நடந்த?" என்று என் கணவர் ஹாஜறாவைக் கேட்டார். அவருக்கு எதுவும் உடனே பிடிபடாது. பிறகு ஹாஜறா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். முஸ்தாக் கேற்றடியில் நின்ற கதையும் அதில் வெளியே வந்தது. நஜ்லா கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்த ஊட்டையும் டீவியையும் நீங்களே வெச்சிக்கங்க உம்மா" என்றாள்.

அவ்வளவுதான். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று நானே அவளிடம் எடுத்துச் சொன்னேன், ஊர் சிரிக்கும் என்றேன். கேட்கவில்லை. நிக்காஹ் அன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவர் பூசாத பின் அறைக்குப் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு போனவர்தான், சாப்பிடக்கூட முன்னுக்கு வருவதில்லை. ஹோல் முழுக்க இப்போது எனக்குத்தான். எந்தக் கதிரையிலும் இருக்கலாம்.

என்ன கேட்டீர்கள்? முந்தின இரண்டு சம்பந்தமுமா? ஓம். ஒலுவில் மாப்பிள்ளை எட்டு மணிக்குச் செய்தி பார்க்காவிட்டால் சோறு தின்னமாட்டார் என்று தரகர் பெருமையாகச் சொன்னார். நஜ்லாவுக்கு வலிப்பு என்று சொல்லியனுப்பினேன். சவளக்கடை மாப்பிள்ளையோடு அவருடைய உம்மாவும் வந்து இருப்பார் என்றார்கள். அவருக்குக் காது மந்தம், யார் என்ன சொன்னது என்று நாடகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களுக்குச் சொன்னதை ஏழரை மணிச் சிரிப்பு நிகழ்ச்சியிலிருந்து எடுத்தேன். நல்ல எழுத்தென்று சொல்லமுடியாது, ஆனாலும் நம்பிவிட்டார்கள்.

நான் டீவிக்காகச் செய்தேன் என்று ஊர் சொல்கிறது. அது முழுப் பிழை, மரைக்கார் காக்கா. என் பிள்ளையை என்னோடு வைத்திருக்கச் செய்தேன். முஸ்தாக் சம்பந்தம் நின்ற அந்த மாதம் முழுக்க, எட்டு மணியானால் அவள் அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் இருப்பாள். இருந்து, நாடகம் முடியும் வரை அழுவாள். இளநங்கை சிரித்தாலும் அழுவாள், விளம்பரத்துக்கும் அழுவாள். அப்படி ஒரு ரசிகையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எட்டாகப் போகிறது, கொஞ்சம் தள்ளி இருங்கள், அது அவளுடைய கதிரை. இன்றைக்கு இளநங்கைக்கு மறந்துபோன ஞாபகமெல்லாம் திரும்பித் தாயை அடையாளம் காண்கிற நாள். நஜ்லா இதைத் தவறவிடவே மாட்டாள், அதனால்தான் கேற்றைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.