மாப்பிள்ளைக்கு விளங்காத பந்து

கொழும்பில், காலி வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், வேலை விட்டு வந்த இரண்டு பெண்கள்.

"என்னைப் பொம்பிளை பாக்க வந்தவர், மேசையில தண்ணிக் கிளாஸை வச்சுச் சரிவு பாத்தவர் அக்கா," என்றாள் இளையவள்.

ஒட்டுக்கேட்பது தப்புத்தான். ஆனால் இதற்குப் பிறகு காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"என்னத்துக்கு?"

"எங்கட ஃப்ளாட்டுக்குக் கீழ டேபிள் டெனிஸ் விளையாடினனாங்கள். நான் சுழட்டி அடிச்ச பந்தெல்லாம் காத்திலயே வளைஞ்சு போச்சு. மேசை சரிவாம்!"

"நீ என்ன சொன்னனி?"

"சுத்துற பந்து காத்தை ஒரு பக்கம் தள்ளும், காத்து பந்தை மற்றப் பக்கம் தள்ளும் எண்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினனான். விளங்கேல்லையாம். ஞாயிற்றுக்கிழமையும் வந்து கேக்கிறாராம். ஆள் கொஞ்சம் மந்தம் போல. வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

"அவர் என்ன வேலை எண்டு சொன்னனி?"

"ஏ லெவல் வகுப்புக்கு பிசிக்ஸ் படிப்பிக்கிறார்."

அக்கா திரும்பி அவளையே பார்த்தாள். பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியபோது இளையவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கள்ளன்!" என்றாள்.