மட்கும் அறையின் கதவு

நல்ல எரு நாறாது, ஐயா. மழையில் நனைந்த மண்ணைப் போல மணக்கும். எங்கள் எருக்கூடத்தில் அந்த வாரம் நாற்றம் வந்தது உண்மைதான். இலைதழையில் ஈரம் கூடிவிட்டது. காய்ந்த சுள்ளிகளைக் கலந்திருந்தால் தானாகச் சரியாகியிருக்கும்.

கூடத்தில் குப்பை மட்கும் மூடிய அறைக்குள் வேலை செய்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்குப் பல் கிடையாது. நொதியைச் சுரந்து, தண்டையும் நாரையும் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். நான் அவற்றை ‘பசங்க’ என்பேன். “உங்களுக்குப் பொண்டாட்டி நானா, அந்தக் குப்பையா?” என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுடைய அண்ணன்தான் கூடத்தின் மேலாளர். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதும் பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“மச்சான், அதைக் கொட்டினா பசங்க எல்லாம் செத்துப்போயிடும்,” என்றேன்.

“கண்ணுக்கே தெரியாததுக்கு ஒப்பாரி வைக்கிற ஒரே ஆளு நீங்கதான் மாப்பிள்ளை.”

வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். பசங்களும் மூச்சுவிடுபவை, அறைக்குள் இருக்கும் காற்றைக் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் கதவு திறந்திருக்க வேண்டும், காற்றைத் தள்ளும் விசிறி ஓட வேண்டும். அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“நிக்கிறீங்கல்ல மாப்பிள்ளை?”

“நிக்கிறேன், போங்க.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் மூட்டையோடு உள்ளே போனார். அவ்வளவு நம்பிக்கை.

கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். கொஞ்ச நேரம் தட்டினார். என்னைக் கூப்பிட்டார், பிறகு தன் தங்கையைக் கூப்பிட்டார். அவருக்காவது குரல் இருந்தது. பசங்களுக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தட்டுவது நின்ற பிறகும் நான் வாசலை விட்டு நகரவில்லை. அந்த வழக்கத்தை மட்டும் மீறவில்லை.

கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று மனைவியிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அப்போ விசிறியை ஏன் நிறுத்துனீங்க? காத்து இல்லன்னா உங்க பசங்களும் செத்துடும்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே?”

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், ஐயா. விசிறி ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.