தட்டுல இருந்த மயிலு

மொதல்ல கால்வாய். அத்த சொல்லாம ஷாம்பூ பாக்கெட்டுக்கு வர மாட்டேன், சம்மந்தி. கோவத்துல செருப்ப மாட்டிகினீங்க, சரி, மாட்டினபடியே இந்த நாற்காலில குந்துங்க. ஆமா, நான் தான் எடுத்தேன். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ள ஊட்டு சீர் தட்டுல இருந்த ஷாம்பூ பாக்கெட்டு மயில, யார் கிட்டயும் கேக்காம, இந்த வேம்புலியம்மா தான் எடுத்தா. ஆனா தப்புன்னு பேச ஆரம்பிச்சா தேதி வரிசையில பேசணும். முப்பது வருஷமா மனு எழுதறவ நான். வரிசை மாறுனா ஆபீசரு நடுவுல பூந்து வேற எதையாவது கேட்டு நம்மள ஊட்டுக்கு அனுப்பிடுவான்.

ஒண்ணு, கால்வாய். கம்பெனிங்க வந்தப்போ, ஏரித் தண்ணி போற கால்வாய பாதியா குறுக்கி, ரோட்டுக்கு அடியில ஒரே ஒரு சிமிட்டி கொழாவ பொதச்சாங்க. ரெண்டு, ரோட்டோரம் இருந்த எங்கள தூக்கி, அந்த கொழாவுக்கு இந்தாண்ட, பள்ளத்துல கொண்ணாந்து போட்டாங்க. இதான் அந்த பள்ளம். நீங்க குந்தினு கீற எடம். மூணு, தண்ணி கொழா வெக்கிறேன்னு சொன்ன எடத்துல சாராயக்கட வெச்சாங்க. அத்த நாங்க பொம்பளைங்க ஒடச்சோம். ஒடச்சதுக்கு என்ன ஜீப்புல ஏத்துனாங்க. நாலு, தூர். வருஷா வருஷம் கொழாவ தூர் வாரணும். வாரினதா பில்லு மட்டும் போவும். அஞ்சு தான் பாக்கெட்டு. பாத்தீங்களா, எவ்ளோ கீழ வருதுன்னு. நீங்க மொதல்லயே அஞ்சுல வந்து குதிச்சா எப்டி?

உங்க ஊட்டு ஆளுங்கள உள்ள போங்க போங்கன்னு அனுப்பிட்டேன், வருவாங்க. கலர் குடிச்சிகினு கீறாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. லக்கினப் பத்திரிகைய நீங்க தான படிக்கணும்? மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல, பெரியப்பா நீங்க இல்லாம யாரு படிப்பா? தட்ட தூக்கினு கெளம்பறேன்றீங்களே, கெளம்புங்க, நான் கைய புடிச்சு நிறுத்தல. நான் சொல்றத கேட்டுட்டு கெளம்புங்க.

மயிலு நல்லா தான் இருந்துச்சு. பச்ச பாக்கெட்டுல தோகை, ஊதாவுல கழுத்து, கொண்டைக்கு செவப்பு. உங்க தங்கச்சி ரெண்டு நாளு குந்தி கோத்துச்சாம். அந்த கைவேலைய நான் குத்தம் சொல்லல. கலைக்கவும் இல்ல, அலமாரி மேல பத்திரமா கீது. கரையான்சாவடில உங்க ஏஜென்சி சரக்கு, அத்தயே சீரா வெக்கிறது உங்களுக்கு பெரும. அதுவும் எனக்கு புரியுது. ஆனா எம்பொண்ணு தாட்சாயிணி எதிர்க்க அந்த மயிலு இருக்கக் கூடாது. அதுக்கு பதிலா எங்க கொழாயடி பொம்பளைங்க சங்கத்துல செய்யற, தலைக்கு தேய்க்கற கட்டிய அடுக்கினேன்.

இன்னாது? துணி சோப்பா? நல்லா சொன்னீங்க. எடுத்து மோந்து பாருங்க. பாருங்க, ஒண்ணும் பண்ணாது. வெட்டிவேரு. துணி சோப்பு இப்டி மணக்குமா? சீக்காயும் பூந்திக்கொட்டையும் ஊறப்போட்டு காய்ச்சின தண்ணில காஸ்டிக் சோடாவ கரைச்சு, தேங்கா எண்ணெயும் வெளக்கெண்ணெயும் சேத்து, ஊத்தி, அறுத்து, ஒரு மாசம் பலகையில காய வெச்சு எடுக்கறது. கவரு கெடையாது. எங்க பழைய நோட்டீசுல மடிச்சு குடுப்போம். தலைய தேச்சாச்சா, கட்டிய மாடத்துல வெச்சிடு, காஞ்சிடும், நாளைக்கும் கீது. காகிதத்த அடுப்புல போடு. கால்வாய்க்கு போறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. அவ்ளோ தான் எங்க கொள்கை.

கத்துக்க நாங்க பட்ட பாடு எங்களுக்கு தான் தெரியும். மொத தபா அலுமினிய குண்டானுல காஸ்டிக்க கொட்டிட்டோம். பொங்கி, பொகஞ்சு, குண்டானு அடியில ஓட்டை. அடுத்த தபா காஸ்டிக் தூக்கலா போயிடுச்சு. பந்தல் கால கட்டிகினு நிக்கிறாரே, தலப்பா கட்டினவரு, எங்க ஊட்டுக்காரு துலுக்கானம், அவரு தலையில தான் பாத்தோம். அன்னிக்கு கட்டினாரு அந்த தலப்பாவ. கேட்டா ஸ்டைலுன்னுவாரு. அப்புறம் கட்டி சரியா வந்துச்சு, தண்ணி சரியில்ல. எங்க போருல வர்றது உப்புத்தண்ணி, தலமுடி தேங்கா நாரு மாதிரி ஆச்சு. பொம்பளைங்க கட்டிய கொண்ணாந்து என் வாசல்ல வீசிட்டு போனாளுங்க. கடைசி சொம்பு தண்ணில அரை மூடி எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊத்துன்னு தெரியறதுக்குள்ள சங்கத்துல பாதி பேரு ஓடிட்டாங்க. இருந்தவங்கள வெச்சிகினு நடத்தினேன். இப்போ ஆவடி மார்க்கெட்டு வரைக்கும் போவுது. நம்ம மாப்பிள்ள கோவிந்தன் தலைய மோந்து பாருங்க, ஆறு மாசமா லேத்து பட்டறையில இருந்து வந்து எங்க கட்டிய தேச்சு தான் குளிக்கிறான். அவன் சொல்லலியா உங்க கிட்ட? சொல்ல மாட்டான், பெரியப்பா மேல பயம்.

ஏழைக்கு ஒரு ரூபா பாக்கெட்டு தான் தோதுன்றீங்க. சரியா சொன்னீங்க. நீங்க சொல்றத உங்களுக்கு முன்ன ஒருத்தி சொன்னா, இதே காலனில நின்னு, இடுப்புல கைய வெச்சிகினு. அங்கம்மான்னு பேரு. காலனி முனையில பொட்டிக்கட வெச்சிருந்தா. புருசன் பம்பாய்க்கு போனவன், போனான், அவ்ளோ தான். கடயில மேல பாக்கெட்டு சரம் சரமா தொங்கும், கீழ மிட்டாய் பாட்டிலு, பாட்டிலுக்கு பின்னால அவ புள்ள குந்தினு சிலேட்டுல கிறுக்கினு இருக்கும்.

அப்போ தான் எனக்கு நோட்டீசு பைத்தியம். நான் எங்க பள்ளிக்கூடம் போனேன்? சுவத்துல ஒட்ட பசை காய்ச்சும்போது, இது இன்னா எழுத்து, அது இன்னா எழுத்துன்னு கேட்டு கேட்டு தான் படிக்க கத்துகினேன். அதனால எனக்கு மொதல்ல வந்த வார்த்தையே கண்டனம், அப்புறம் தான் காப்பி, சக்கரைல்லாம். ஏரியை அழிக்கும் பாலித்தீன்னு ஒரு நோட்டீசு போட்டு, அங்கம்மா கட எதிர்க்க போய் நின்னேன். அவ ஒரு பக்கெட்டு தண்ணிய என் மேலயே ஊத்தினா. ஊத்திட்டு கேட்டா, அக்கா, பங்களாக்காரி பாட்டிலுல வாங்கி தேச்சப்போ நீ எங்க போன? எங்க தலை மணக்க ஆரம்பிச்ச ஒடனே நோட்டீசு போடறியேன்னு. நனஞ்சினு நிக்கிறேன். எத்தினி மந்திரிய கேள்வி கேட்டவ நான். அவளுக்கு பதிலு தேட எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு.

அந்த பதிலு தான் சம்மந்தி உங்க கையில கீற கட்டி. ஏழை தலையும் மணக்கணும், கால்வாயும் அடைக்கக் கூடாது. கண்டுபுடிச்சு கொண்ணாந்தப்போ கேக்கறதுக்கு தான் அவ இல்ல.

எம்பத்தஞ்சு மழ. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்கு முன்ன கொழாவ தூர் வார ஒரு காண்ட்ராக்ட்டு. மேஸ்திரி ஒருத்தன் நாலு ஆளோட வந்தான். கொழா வாயில இருந்த சேத்த மட்டும் வழிச்சு ரோட்டோரம் குமிச்சான், போட்டோ புடிச்சான், போயிட்டான். உள்ள அப்டியே கீது. பால் கவரு, கம்பெனி குப்ப, நம்ம பாக்கெட்டு எல்லாம் சேந்து மெத்த மாதிரி. மழ நின்னும் தண்ணி எறங்கல. கட்டிலு மேல புள்ளைங்கள ஏத்தி வெச்சினு நிக்கிறோம், தண்ணி கட்டிலு சட்டத்த தொடுது. நான் ஆபீசுல போய் கத்தலாம்னு ஆளு சேத்தினு இருந்தேன். எனக்கு தெரிஞ்சது அது தான். அங்கம்மா எங்களையெல்லாம் ஒரு பார்வ பாத்தா. நீ கத்தினு வர்றதுக்குள்ள புள்ளைங்க மெதக்கும், அதுல பாதி என் கட பாக்கெட்டு தான, நானே எடுக்கறேன்னு சொல்லிட்டு, கடப்பாரைய தூக்கினு கொழா வாய்க்கு போயிட்டா. இடுப்பளவு தண்ணி. குத்தி குத்தி, கை கையா வாரி வெளிய போட்டா. நாங்க கயிறு தேடறோம். அதுக்குள்ள அடைப்பு ஒடஞ்சிடுச்சு. காலனி தண்ணி மொத்தமும் ஒரே இழுப்பா உள்ள போச்சு. அவளும் போனா.

எங்க ஊட்டுல எல்லாம் தரை தெரிஞ்சுது. நல்லா கேட்டுக்குங்க, எல்லார் ஊட்டுலயும்.

ரோட்டுக்கு அந்தாண்ட எடுத்தாங்க. குளிப்பாட்டறதுக்கு யாரும் கிட்ட வரல, நான் தான் செஞ்சேன். என் மடியில அவ தலைய வெச்சிகினு சீக்காய கரைச்சு அலசறேன், முடிக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா வருது. பச்ச, ஊதா, செவப்பு. சிக்கெடுத்து சிக்கெடுத்து எடுத்தேன். அதான் உங்க மயில பாத்தப்போ கை தானா போச்சு. உங்கள அவமானப்படுத்தணும்னு இல்ல, அத்த மட்டும் நம்புங்க.

தண்ணி வேணுமா? இந்தாங்க. மெதுவா குடிங்க.

அப்புறம் விசாரணைன்னு ஒரு ஆபீசரு வந்தாரு. காலனிக்காரி அடைப்பு எடுக்க போய் செத்தான்னு எழுதுனா, அப்போ தூர் வாரினது யாருன்னு கேள்வி வரும்ல? அதனால அந்த மேஸ்திரி முன்ன வந்து, கூடி நின்ன அத்தினி பேரு எதிர்க்க சொன்னான், இது யாருன்னே தெரியாது சார், பேரு தெரியாத பொம்பள, எங்கயோ குடிச்சிட்டு வந்து வுழுந்துடுச்சுன்னு. அவ ஒரு சொட்டு தொட்டவ இல்ல. அங்கம்மா, அங்கம்மான்னு நான் கத்தறேன், ஆபீசரு பேனாவ மூடிட்டாரு. மனு போட்டேன், நோட்டீசு போட்டேன், மறியல் பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் அந்த எழுத்து மாறல.

அந்த மேஸ்திரிக்கு அப்போ பெரிய மீச. இப்போ எடுத்துட்டீங்க.

குந்துங்க, குந்துங்க. எழுந்துக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. நீங்க பொண்ணு பாக்க வந்து கேசரி தட்ட வாங்கினப்பவே எனக்கு தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு தான் என்னய தெரியல. தெரியாது தான், கத்தற பொம்பளைங்க மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் உங்களுக்கு. அன்னிக்கே தொரத்தி இருப்பேன். கோவிந்தன் நல்ல பையன், தாட்சாயிணிக்கு அவன புடிச்சிருக்கு. உங்க தப்புக்கு அவங்கள எதுக்கு நான் தண்டிக்கணும்? கேஸ் போட மாட்டேன். துட்டு கேக்க மாட்டேன். நீங்க யாருன்னு கோவிந்தனுக்கு இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லல. சொல்றதும் வுடறதும் உங்க இஷ்டம்.

இன்னா வேணுமா? எம்பொண்ணுன்னு தான் உங்க கிட்ட சொன்னேன், பெத்தேன்னு சொல்லல. மிட்டாய் பாட்டிலுக்கு பின்னால சிலேட்டு வெச்சினு இருந்துச்சே, ஆறு வயசு, அது தான் தாட்சாயிணி. கோவிந்தனுக்கு தெரியும், அவன் கிட்ட அவ மறைக்கல. மேஸ்திரி கதைய மட்டும் நேத்து தான் நான் அவ கிட்ட சொன்னேன். அழல. தலைய வாரி பின்னி முடிச்சா. அப்புறம் சொன்னா, அவரு வாயாலயே படிக்கட்டும்மா, படிக்கலன்னா இந்த கல்யாணம் எனக்கு வேணாம்னு.

பத்திரிகையில பொண்ணுக்கு தாயாரு பேரு போடற எடத்த அய்யர வெறுமனே வுடச் சொன்னேன். என் பேர படிக்காதீங்க. என் பேரு போலீஸ் டேசன்ல எத்தினியோ தபா எழுதியாச்சு, எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவ பேரு தான் எங்கயும் ஏறல.

சரி, செருப்ப கழட்டுறீங்களா, தட்ட தூக்கறீங்களா?

ம். அங்க வுடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க.

வழி வுடுங்கப்பா, சம்மந்தி வர்றாரு. துலுக்கானம், அந்த ரேடியோவ நிறுத்து. பொம்பளைங்கல்லாம் முன்னால வாங்க, கொழாயடி சங்கத்துக்காரங்க அத்தினி பேரும் வாங்க, நீங்க தான் சாட்சி. தாட்சாயிணி, நிமுந்து பாரும்மா. படிங்க சம்மந்தி. மாப்பிள்ள பேரு ஆச்சு. பெரியப்பா பேரு ஆச்சு. ஊரு சேக்காடு, ஆச்சு. இப்போ அந்த வெறும் எடம். தண்ணி குடிச்சீங்கல்ல, தொண்டைய செரும வேணாம். காலஞ்சென்ற... சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்கு கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா.

கேட்டுச்சா எல்லாருக்கும்? அங்கம்மா.